குளியலறைச் சுவரில் நல்ல பாம்பு

எங்கள் குளியலறைச் சுவருக்குள் நல்ல பாம்பு ஒன்று குடியிருக்கிறது என்ற செய்தி, செஞ்சி முழுவதும் பரவிய பிறகுதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. காய்கறி விற்கும் அம்மாள் சொன்னாள்.

"இன்னாம்மா, வீட்ல பாம்பை வெச்சிக்கினு நிம்மதியா கத்திரிக்கா பொறுக்கினு இருக்கறே?"

பாம்பைக் கண்டுபிடித்தவர் என் கணவர். என்னிடம் சொன்னால் பயந்துவிடுவேனாம். அதனால் தாலுகா ஆபீஸில் மட்டும் சொல்லியிருக்கிறார். அப்புறம் முடிவெட்டும் கடையில். அப்புறம் காபி ஓட்டலில்... என் பயத்தின் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கணவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக: தாலுகா ஆபீஸில் கிளார்க். வனவிலங்குப் பிரியர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராஜகிரி மலைக்குக் கிளம்பிவிடுவார் — சிறுத்தை பார்க்க. கோட்டைக்கு மேலே சிறுத்தை இருப்பதாக யாரோ சொன்னார்களாம். சிறுத்தை இதுவரை இவருக்குத் தரிசனம் தரவில்லை. குரங்குகள் தந்திருக்கின்றன. ஒரு முறை தயிர்சாதப் பொட்டலத்தோடு இவருடைய கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டு போயின.

அப்படிப்பட்டவருக்குச் சொந்த வீட்டிலேயே பாம்பு கிடைத்தால் சும்மா இருப்பாரா?

நடந்தது இதுதான். சில நாட்களாகவே குளியலறையில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அடுக்கி வைத்திருந்த விறகை வெளியே அள்ளிப் போட்டேன். சாக்கடையைத் தள்ளிவிட்டேன். பினாயில் ஊற்றினேன். பினாயிலும் சேர்ந்து நாறியது. ஒரு காலை, குளித்துக்கொண்டிருந்த என் கணவர் கையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டாராம். சுவருக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். சொம்பால் சுவரைத் தட்டினார். மறுபடியும் சீறல்.

முடிந்தது. நாற்றமும் சீறலும் சேர்ந்தால் நல்ல பாம்பு. அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில், வீடு கட்டியபோது சாரத்து மூங்கிலுக்காக விட்ட ஓட்டை ஒன்று அடைக்கப்படாமலே இருக்கிறது. பாம்புக்கு வாசல்கூடத் தயார்.

அன்று மாலையே கரீம் பாய் வந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர். வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார். அடுத்த வீட்டில்தான் இருக்கிறார்; இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று. ஓட்டையைத் தூர நின்றே பார்த்தார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். காலாற நடப்பது இந்தக் கொல்லையில்தான்.

"மாசமா இருக்கற பொண்ணும்மா. ஓட்டையைப் பூசி அடைச்சுடறேன். உள்ளயே கெடந்து சாவட்டும்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கிண்டல் வரவில்லை. எனக்கே!

கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்கள். கொத்தனார் ஊரில் இல்லை. மேல்மலையனூரில் மாசித் திருவிழா. ஸ்பெஷல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவார்களா? அங்காளம்மன் புண்ணியத்தில் எங்கள் சுவருக்குச் சில நாள் அவகாசம் கிடைத்தது.

அந்த நாட்களில் என் வீடு பொருட்காட்சி ஆயிற்று. ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். சீறல் கேட்டதும் தலையை ஆட்டினார்கள். பிறகு காபி குடித்தார்கள். ரேஷன் சர்க்கரை எங்கள் வீட்டில் அவ்வளவு வேகமாகக் கரைந்ததில்லை. பாம்பு வெளியே வந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு என் கணவர் பத்திரமாக ஆபீஸுக்குப் போய்விடுவார். நான் சமையலறை ஜன்னலில் காவல் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டை நேர் எதிரே தெரியும்.

ஓட்டையிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனால், ஒன்று உள்ளே போயிற்று.

எங்கள் கொல்லைக்குத் தினமும் வருகிற பறவைதான் அது. வெளுத்த செங்கல் நிறத்தில் உடம்பு. இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. நீண்டு வளைந்த அலகு. தலையில் மடக்கி வைத்த விசிறி போல ஒரு கொண்டை. கொண்டலாத்தி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படம் பார்த்திருக்கிறேன். என் கணவர் அதை மரங்கொத்தி என்பார். ஒரு நாளும் மரத்தைக் கொத்தாமல் மண்ணையே கொத்துகிற மரங்கொத்தி!

துணி துவைத்த தண்ணீர் ஓடுகிற ஈர மண்ணில் அது அலகைக் குத்தி ஒரு பிள்ளைப்பூச்சியை இழுத்தது. தரையில் இரண்டு அடி அடித்தது. நேராகப் பறந்து போய் ஓட்டையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. உள்ளேயிருந்து சின்னச் சின்ன வாய்கள் நீண்டன. பிள்ளைப்பூச்சி போயிற்று.

நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கொண்டலாத்தி வந்தது. ஜோடி. மாறி மாறி ஊட்டின. ஒரு காக்கை ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்'! காக்கை பறந்துவிட்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது புரிந்தது. சீறுகிறவை குஞ்சுகள். நாற்றமும் அவற்றுடையதுதான். பூனையும் காக்கையும் அண்டாமலிருக்க அந்தக் குடும்பம் செய்துகொண்ட ஏற்பாடு. வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொள்கிற நமக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே! தோன்றியிருந்தால் அத்தனை காபி போட்டிருக்க வேண்டாம்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். நல்ல பாம்பு என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னவர், மறுநாள் போய்க் குருவிக் குஞ்சு என்று எப்படிச் சொல்வார்?

"குருவி எங்கயாவது சீறுமா? மேல குருவி இருக்குது, கீழ பாம்பு இருக்குது" என்று முடித்துவிட்டார். சாரத்து ஓட்டைக்கு மாடி கட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பாயிடமும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம்மா. சரியா இல்லாட்டி?" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் கேட்கிற கேள்வி அது.

கொத்தனார் வந்தார். நெற்றி நிறைய குங்குமத்தோடு சிமெண்டைக் குழைக்க ஆரம்பித்தார். என் கணவர் அரை நாள் லீவு போட்டிருந்தார். என்ன காரணம் எழுதிக் கொடுத்தாரோ! அடைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடலாமே என்று அவரிடம் கெஞ்சினேன். வனவிலங்குப் பிரியராயிற்றே, மறுக்க முடியவில்லை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குச்சி. ஸ்டூல் மேல் ஏறி, குச்சியை உள்ளே விட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

சீறல் கேட்டது. அதைத் தொடர்ந்து, உள்ளேயிருந்து ஏதோ பீய்ச்சி அடித்தது. குறி தப்பவில்லை.

விஷம் என்று அலறிக்கொண்டு ஸ்டூலிலிருந்து விழுந்தார். கொத்தனார் கரண்டியோடு கிணற்றடிக்கு ஓடினார். பாய் வெளிறிப்போய், யாரையாவது அனுப்பி டாக்டரைக் கூட்டிவரச் சொன்னார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கணவர் முகத்தைக் கழுவினேன். கழுவும்போதே தெரிந்துவிட்டது. விஷத்துக்கு அந்த நிறமும் கிடையாது, அந்த வாடையும் கிடையாது. பறவை எச்சம் என்றேன். யார் கேட்டார்கள்? கண்ணெதிரே ஒரு மனிதரைப் பாம்பு கக்கியே கவிழ்த்திருக்கிறது. பாய் உடனே அடைக்கச் சொன்னார். கொத்தனார் திரும்பி வந்து செங்கல்லைக் கையில் எடுத்தார்.

இனி ஆண்களிடம் பேசிப் பயனில்லை. கொல்லையைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு ஓடினேன். பாயின் மனைவி பாத்திமா அக்கா மகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் ஊரே வந்து சுவரில் காது வைத்தது. அக்காவை ஒருவரும் வந்து பார்க்கச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதே சமயம் கொண்டலாத்தி புழுவோடு வந்தது. ஓட்டையைச் சுற்றி ஆட்கள். போக வழியில்லாமல் துணி உலர்த்தும் கொடியில் உட்கார்ந்தது. அலகில் புழு அப்படியே இருக்க, தலையிலிருந்த விசிறியை முழுசாக விரித்தது.

பாத்திமா அக்கா நின்றுவிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்டைக்குள் இருப்பது இதன் கூடுதானா என்று என்னிடம் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"என்னாங்க, இதைக் கொல்லக் கூடாதுங்க. நம்ம வேதத்துல நபி ஒருத்தருக்குத் தூது போன குருவி இது. உள்ள அதோட புள்ளைங்க இருக்குது."

பாய் குருவியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். வாசற்படியில் வயிற்றில் கை வைத்தபடி வந்து நின்ற மகளைப் பார்த்தார். பிறகு கொத்தனார் கையிலிருந்த செங்கல்லை வாங்கிக் கீழே வைத்தார்.

எல்லோரும் தள்ளி நின்றோம். கொண்டலாத்தி தாவிப் போய் ஊட்டியது. உள்ளேயிருந்து சின்ன வாய்கள் நீண்டதைப் பாய் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்த என் கணவர், "மரங்கொத்தி" என்றார்.

குழைத்த சிமெண்ட் வீணாகவில்லை. உடைந்திருந்த துவைக்கிற கல் சரியாயிற்று.

அதன் பிறகு காவல் வேலை எனக்கு இல்லை. மத்தியானம் மண்டியைப் பூட்டிக்கொண்டு பாயே வந்துவிடுவார், பூனை விரட்ட. அவர் மகள் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் குஞ்சுக்கு எத்தனை புழு கிடைத்தது, எது ஏமாந்தது என்று எனக்கு ரிப்போர்ட் கொடுப்பாள். என் கணவரோ, அது பறவையாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டவரே தாம்தான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார். நண்பர்கள் மறுபடியும் வந்தார்கள். கை நீட்டினால் எட்டுகிற ஓட்டையைப் பைனாகுலர் வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் காபி.

குஞ்சுகள் வளர்ந்து, குட்டிக் கொண்டையோடு எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பறந்து போயின. கடைசிக் குஞ்சுக்கு மட்டும் தைரியம் வரவில்லை. தாய் புழுவைக் காட்டிக் காட்டிக் கொடுக்காமல் மதில் மேலேயே உட்கார்ந்திருந்தது. பாய் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒரு வழியாக அது குதித்து, என் கத்திரிச் செடியில் விழுந்து எழுந்து, மதிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"பறந்து பூட்டுதும்மா" என்றார் பாய், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியவர் மாதிரி.

நேற்று அவரே சுண்ணாம்புச் சட்டியோடு வந்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார். ஓட்டையை மட்டும் பூசாமல், சுற்றி ஒழுங்காக விளிம்பு கட்டினார். அடுத்த வருஷமும் வருவார்களாம், வசதியாக இருக்க வேண்டுமாம்.

எங்கள் சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று மூன்று மழைக்காலமாகப் பாயிடம் சொல்லி வருகிறேன். கொண்டை எனக்கும்தான் இருக்கிறது. விரித்துக் காட்டத்தான் தெரியவில்லை.