வந்தவளை வரவில்லை என்றார்கள்

போன வாரம் ரேஷன் கடையில் என் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. எங்கள் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. போடியில் வரிசையில் நிற்கிற பெண்களில் பலருக்கு ரேகை விழாது. விற்பனையாளர் தம்பி தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, கட்டைவெரலு வேணாம், நடுவெரலை வையிங்க" என்றான். நடுவிரலும் விழவில்லை. இடது கையும் விழவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "வெரலைப் பூராம் ஏலச்செடிக்கு எழுதிக் குடுத்தாச்சு. இவனுக்கு எங்கிட்டுப் போயிக் குடுக்க?" என்றதும் கடையே சிரித்தது. கடைசியில் அந்தத் தம்பி என் கைபேசிக்கு ஒரு எண்ணை வரவழைத்து, அதை இயந்திரத்தில் தட்டி, அரிசியைப் போட்டுவிட்டான். எல்லாம் மூன்று நிமிடம்.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். ஐம்பதைத் தொடப்போகிறவள், ஒரு பள்ளியில் நூலகம் பார்க்கிறவள், ரேஷன் அரிசியோடு நின்று அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். அரிசிக்கு இத்தனை வழி வைத்திருக்கிறார்கள். என் மகளின் பட்டத்துக்கு ஒரு வழிகூட வைக்கவில்லை.

கடையின் சாக்கு வாடை கையில் ஒட்டியிருந்தது. சாக்கு வாடை என்றாலே எனக்குத் தோட்டம்தான். போடிமெட்டுக்கு அந்தப்புறம் என் வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அவர் வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான். ஆவணியில் காயெடுப்பு ஆரம்பித்தால் தை வரை ஓயாது. ஒரு சுற்று எடுத்து முடித்து நிமிர்வதற்குள் முதல் செடியில் அடுத்த காய் முற்றியிருக்கும். ஆள் கிடைக்காது. கிடைத்த ஆட்களைப் பெரிய தோட்டத்துக்காரர்கள் விடியுமுன் ஜீப்பு ஜீப்பாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் மகளும் மலையேறுவோம். செடிக்கு அடியில் குத்தவைத்து, தரையோடு படர்ந்திருக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும்.

ஏலக்காய் என்றதும் உங்களுக்குப் பாயசம் மணக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. பச்சைக் காய்க்கு ஈர மண் வாடை, போன வாரம் அடித்த பூச்சிமருந்தின் வாடை. சாறு விரலில் பட்டுப் பட்டு, சாயங்காலம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். மருந்து பட்ட இடம் தோலுரியும்.

எனக்குப் பிறந்த வீட்டிலும் ஏலத்தோட்டம்தான். அந்தக் கறுப்பை நான் கல்லூரியில் படித்த நாளில் எப்படி மறைத்தேன் தெரியுமா? டவுன் பிள்ளைகள் சிலர் என் கையைப் பார்த்துவிட்டு, "பேனா மை கொட்டிருச்சாடி?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்கள். ரோசம் பொத்துக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேங்காய் எண்ணெயைத் தடவி, செங்கல்லை இடித்த பொடியைப் போட்டு, எரிகிற வரைக்கும் தேய்ப்பேன். கறை போகும், கூடவே தோலும் போகும். திங்கட்கிழமை வகுப்பில் வெள்ளைக் கையோடு உட்கார்ந்து, பேனா பிடிக்க முடியாமல் தவிப்பேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்! அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் என் மகள் தேன்மொழிக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு பட்டம் வாங்க என்னென்ன வேண்டும்? என் காலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது எடுத்துக்கொண்ட பாடம். எனக்கு வரலாறு. ஆங்கிலத்தில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, மூன்றாம் தடவை சரியாக நாற்பது வாங்கி எழுந்தேன். அந்த நாற்பதுக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். தேன்மொழி கணிதத்தில் சேர்ந்தபோது கொடுத்த கையேட்டில் பகுதிகள் ஐந்தாகியிருந்தன. கிரெடிட் என்று ஒரு கணக்கு. சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் மேம்பாடு, ஊருக்குள் போய்ச் செய்யும் சேவை, அதற்கு மரக்கன்றோடு நிற்கிற போட்டோ. அந்தக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் அடிக்கோடு போட்டவள் நான். எழுபத்தைந்து சதவீத வருகை என்ற வரிக்கு மட்டும் கோடு போடவில்லை. காய்ச்சலோடும் கல்லூரிக்கு ஓடுகிற பிள்ளைக்கு அந்த வரி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவள் மூன்றாம் வருடத்தில் காலெடுத்து வைத்த ஜூன் மாதம் கல்லூரி வாசலில் ரேகை பார்த்து வருகை பதியும் கருவியை மாட்டினார்கள். கல்லூரியின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. காலையில் அதில் விரலை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஜூன், ஜூலையில் ஒழுங்காகத்தான் விழுந்தது. காயெடுப்பு ஆரம்பித்ததும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. மறுபடி வை என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். பின்னால் நூறு பிள்ளைகள் நிற்பார்கள். "நகருடி, ஒனக்காக அது மனசு மாறப்போகுதாக்கும்" என்று தள்ளுவார்கள். வாசல் காவலர், "பெல்லு அடிச்சிருச்சு, போம்மா. கிளாசுலதான் பேரு கூப்பிடுவாங்கள்ல" என்று உள்ளே விட்டுவிடுவார். வகுப்பிலும் பெயர் கூப்பிட்டார்கள். இவளும் எழுந்து நின்று பதில் சொன்னாள். அதுதான் கணக்கு என்று நம்பினாள்.

ஒருநாள், "கறை இருக்குறதுனாலதான் விழ மாட்டேங்குது போலம்மா" என்றாள்.

"அப்ப இன்னும் நல்லாத் தேயி" என்றேன்.

நன்றாகத்தான் தேய்த்தாள். எண்ணெயும் செங்கல் பொடியும் நானே எடுத்துக் கொடுத்தேன். கறை போக, ரேகையும் போயிற்று. அது விழவில்லை என்று இன்னும் தேய்த்தோம்.

வராத நாளுக்கெல்லாம் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்களாம். அனுப்பியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில், அவள் அப்பாவின் எண்ணுக்கு. தோட்டத்தில் டவர் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும். ஏறினால் ஒரு வாரச் செய்தி மொத்தமாக வந்து விழும். "ஏதோ கம்பெனிக்காரன் வெளம்பரம்னு நெனச்சு அழிச்சிட்டேன் ஆத்தா" என்று பின்னால் மகளிடம் சொல்லிவிட்டு அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுத்த அன்று இவள் பெயர் பட்டியலில் இல்லை. வருகை நாற்பத்தாறு சதவீதம். தேர்வு எழுத முடியாது. அந்தப் பருவம் முழுவதையும் அடுத்த ஜூனில் முதலிலிருந்து படிக்க வேண்டும். வருகிற கோடையில் பட்டத்தை வாங்கிக்கொண்டு பி.எட். சேர்வதாக இருந்த பிள்ளை, பஸ்சில் வரும்போது எனக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "அம்மா, நான் ஒருநாள்கூட லீவு போடலம்மா" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் இருவரும் போனோம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் எங்களை வாசலுக்கு அழைத்துப்போய், "வைம்மா வெரலை" என்றார். வைத்தாள். சிவப்பு. "மறுபடி வையி." சிவப்பு. அவர் தன் விரலை வைத்தார். பச்சை எரிந்தது, நன்றி என்றுகூடச் சொன்னது.

"பாத்துக்கிட்டீங்களா? மெசினு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப எம் பொண்ணுதான் ரிப்பேரா?" என்றேன்.

"கோவப்படாதீங்கக்கா. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க."

படித்தவள் மாதிரி! அந்த வார்த்தைக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். என் ஆங்கில நாற்பது வாயை அடைத்துவிட்டது.

முதல்வர் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். இவளுடைய வகுப்பாசிரியை, இளம்பெண், தன் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து, "சார், எல்லா நாளும் வந்திருக்கா. நான்தான் மார்க் பண்ணியிருக்கேன்" என்றாள். அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை, கணினித் திரையைப் பார்த்தார்.

"நான் வந்தேன் சார்" என்றாள் தேன்மொழி. அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்று சொன்னாள்.

"நான் நம்புறேம்மா. ஆனா நான் நம்புறதை யூனிவர்சிட்டிக்கு அனுப்ப முடியாது. மெசின் கணக்குதான் போகும்."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். பிள்ளை நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால் கல்லூரிக்கு வர முடியவில்லை என்று ஒரு மருத்துவச் சான்றும், அவள் கைப்பட ஒரு கடிதமும் கொடுத்தால், சிறப்பு அனுமதி கேட்டுப் பார்க்கலாம். "மஞ்சக்காமாலைன்னா நல்லது. அதுக்குத்தான் நாள் சேத்துக் குடுப்பாங்க" என்று எழுத்தர் எடுத்துக்கொடுத்தார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் அந்தச் சான்றை வாங்கிவிட்டேன். இரண்டு நாளில் வாங்கினேன். யாரிடம், எப்படி என்று கேட்காதீர்கள். கடிதத்தையும் நானே எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் அவள் போட வேண்டும். பேனாவைக் கையில் கொடுத்தேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள். "வந்தேன், வந்தேன்னுதானம்மா அங்க போயிச் சண்டை போட்டோம். இப்ப வரலைன்னு எழுதிக் குடுக்கவா?"

"ஒரு வருசம் போயிரும்டி."

"போகட்டும்."

"ஒன்னோட படிச்சவளுகயெல்லாம் பட்டம் வாங்கிட்டுப் போவாளுக. நீ சின்னப் பிள்ளைகளோட போயி ஒக்காருவியா?"

"ஒக்காருறேன். ஒக்காந்ததை ஒக்காரலைன்னு எழுத மாட்டேன்."

கையை ஓங்கிவிட்டேன். இருபது வருடத்தில் அவளை நான் தொட்டு அடித்ததில்லை. அவள் நகரவில்லை. "அடிங்க. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். ஓங்கிய கை எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். அவள் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். அது சரியாக இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. பொய் சொன்னால் பட்டம், உண்மை சொன்னால் ஒரு வருடம் என்று ஒரு பிள்ளைமுன் கொண்டுபோய் வைக்கிறவர்கள் விழுமியக் கல்விக்கு ஒரு தாள் நடத்துகிறார்கள். அதில் அவள் எண்பத்தெட்டு.

தேர்வு முடிந்தது. அவளோடு படித்தவர்கள் ஆறாம் பருவத்தில் இருக்கிறார்கள். இவள் அப்பாவோடு தோட்டத்தில் இருக்கிறாள். ஜூனில் போவாள். காயெடுப்பு வரும்போது என்ன செய்வது என்று கேட்டுக் கல்லூரிக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

எனக்குக் கல்லூரியில் துணைப்பாடமாகப் பொருளாதாரம் எடுத்த ஒரு சாரைச் சில நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல ஆசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள். மஞ்சளாய்ப் போன குறிப்புத் தாள்களை அப்படியே வாசிப்பார். அதில் தப்பு இருந்தால் தப்பையும் வாசிப்பார். இடையில் மூக்குப்பொடி போட்டுத் தும்முவார், முன்வரிசைக்காரர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் காயெடுப்புக் காலத்தில் அவர் பெயர் கூப்பிடுகிற வரிசை மாறிவிடும். ஊருக்குள் இருக்கிறவர்களை முதலில் கூப்பிடுவார். சிலமலைப் பக்கத்திலிருந்து பஸ்சில் வருகிறவர்கள் அடுத்து. குரங்கணியிலிருந்தும் மெட்டிலிருந்தும் ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் மணி அடிக்கப் போகும்போது. எங்களில் யாரும் அவரிடம் போய் இதைக் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை மலையில் மேகம் இறங்கி, ஜீப்பு வளைவு வளைவாக ஊர்ந்து வந்து சேர்ந்தபோது வகுப்பே முடிந்துவிட்டது. பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். வாசலில் நாங்கள் நாலு பேர் மூச்சு வாங்க நின்றோம். "மகராணிகளுக்கு இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே பதிவேட்டைத் தூணில் வைத்து விரித்தார். கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். நாலு கோடு போட்டார்.

அந்தக் கல்லூரி வாசலிலும் இப்போது கருவி இருக்கிறது, பஸ்சில் போகும்போது பார்த்தேன். அந்த சார் இல்லை, பதிவேடுகளை எங்கே போட்டார்களோ. எதிரில் நிற்கிற பிள்ளையைக் கண்ணால் பார்த்து, வந்திருக்கிறாள் என்று எழுதும் அதிகாரம் அன்றைக்கு ஒரு மூக்குப்பொடிக்காரருக்கு இருந்தது. இன்றைக்கு அது ஒரு கல்லூரி முதல்வருக்கே இல்லை.