சவுண்ட் மாஃபி

தொண்ணூறுகளின் நடுவில், குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் லேபர் கேம்ப் ரூமில் ஆறு பேர் இருந்தோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு டி.வி., கேசட் போட்டுப் படம் பார்க்க ஒரு டெக். வெள்ளிக்கிழமை மதியம் படம். தமிழ்ப் படமா, இந்திப் படமா என்பதில்தான் சண்டை. ஒருமுறை எனக்கும் அதே ரூமில் இருந்த பெஷாவர்க்காரர் ஒருவருக்கும் கைகலப்பே ஆகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இன்னொரு முறை சத்தம் கேட்டால் டெக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கேம்ப் பாஸ் கறாராகச் சொல்லிவிட்டான். டெக் போனால் லீவு நாளில் சுவரைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு உள்ளூரப் பயம்.

அடுத்த வாரம் கேசட் எடுப்பது என் முறை. கீழக்கரைக்காரர் கடைக்குப் போய், "பாய், சண்டை வராத படமாக் குடுங்க" என்றேன்.

"அப்ப இதைக் கொண்டு போங்க தம்பி. தமிழும் இல்ல, இந்தியும் இல்ல. பழைய அமெரிக்கக்காரன். அவனே நடிச்சு அவனே டைரக்ட் பண்ணுனது."

போட்டால் படம் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். வால்யூமை முழுக்க ஏற்றினேன். ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாத பெஷாவர்க்காரர் எழுந்து வந்து, "சவுண்ட் மாஃபி! ஹெட் கந்தா ஹை" என்றார். சத்தம் இல்லையாம், டெக்கின் ஹெட்டில் அழுக்காம். இருவரும் டெக்கின் மூடியைக் கழற்றி, என் சென்ட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். ரூமே மணந்தது. மறுபடி போட்டும் படம் வாய் திறக்கவில்லை.

அதற்குள் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அந்த ஆள் பெயின்ட் வாளியோடு ஆடுகிற சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். "ஹெல்மெட் மாஃபி, பெல்ட் மாஃபி!" என்று பெஷாவர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நானும் அவரும் கடைசி வரை பார்த்தோம்.

மறுநாள் டூட்டி முடிந்ததும் கடையில் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஊமைப்படத்துக்கு எங்க தம்பி சவுண்டு வரும்?" என்று கடைக்காரர் சிரித்தார். அந்த ஆள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவனாம். பேசும் படம் வந்த பிறகு டைரக்ட் பண்ண யாரும் கூப்பிடவில்லையாம். மற்றவர்கள் படத்தில் கூட்டத்தில் ஒருவனாக வந்து போனானாம்.

ரூமில் இதைச் சொன்னேன். பெஷாவர்க்காரர் டெக்கைக் கை காட்டினார். "பாத் ஷுரூ, காம் கலாஸ்? ஹமாரா ரூம் பி ஐசா." பேச்சு தொடங்கியதும் பிழைப்பு போச்சா, நம் ரூமும் அப்படித்தான் என்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முறை. எந்த இந்திப் படம் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கொண்டுவந்தது தமிழ்ப் படம்.