பைப்படியில் மிஞ்சியவள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அதைக் கண்டதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஜிந்துப்பிட்டிப் பக்கமாக உள்ள ஒரு தோட்டம் அது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிய சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்குமாக ஒரேயொரு பைப். அதை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் நீர்வழங்கல் அலுவலகத்தின் திட்டம். சனங்களோடு தமிழில் கதைக்கிற வேலை என்னுடையது. குழாய்கள் வந்து இறங்கிவிட்டன, அரசியல்வாதி தேங்காய் உடைத்துவிட்டார், மேலிடம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. இனி என்ன தடை வரப்போகிறது என்று நானும்தான் நினைத்தேன்.

எஞ்சினியர் சிங்களத்தில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். எல்லோரும் டக்கென்று கை தூக்கினார்கள். ஒரு வாளி தண்ணீர் தூக்கியிராத கைகள்.

"பொம்பிளையள் எங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி வாற நேரம்தானே மிஸ். பைப்படியில நிக்கிறாங்க," என்றார் முன்வரிசையில் இருந்தவர்.

தண்ணீரைப் பற்றிய கூட்டத்தைத் தண்ணீர் வருகிற நேரத்தில் வைத்திருக்கிறோம்! அலுவலகத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்களுக்கு எப்படி உறைக்கும்? வெள்ளவத்தையில் என்னுடைய பிளாட்டில் மோட்டரைப் போட்டால் எந்த நேரமும் தண்ணீர் ஏறும்.

எஞ்சினியரைக் கையோடு பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே விஷயத்தைச் சொன்னதும், இடியப்பம் அவித்து விற்கும் ஒருத்தி வாளியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"வீட்டுக்கு வீடு எண்டா, எனக்கும் தருவீங்களா?"

அவள் இருந்தது இன்னொருவர் வீட்டுக்கு மேல் பலகை அடித்த ஓர் அறையில், வாடகைக்கு. காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்களுக்கு மீட்டர் கொடுக்கச் சட்டம் இல்லை. நான் எஞ்சினியரைப் பார்த்தேன்.

"பஸ்ஸே பலமு," என்றார் அவர்.

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவளே, "பிறகு பாப்பமாம். எங்களுக்கும் சிங்களம் தெரியும் மிஸ்," என்றாள். பைப்படியே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கீழ் வீட்டில கேட்டு எடுக்கலாம்தானே?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவள் சிரிக்கவில்லை. "இங்க வரிசையில நிண்டா என்ட முறை வரும். அங்க, அவக்கு மனசு வந்தாத்தான் தண்ணி வரும்."

"கை தூக்கினவங்களுக்க இவட மனுசனும் இருந்திருப்பான்," என்றாள் பின்னால் நின்றவள். பிறகு விசாரித்தேன், இருந்தான்தான்.

அலுவலகத்தில் அடுத்த நாள், "இந்தச் சனங்களுக்கு விழிப்புணர்வு போதாது," என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்று கேட்டேன். உறுதி இல்லாதவர்களுக்கும் கொடுத்தால் என்ன என்றேன். அது காணி அலுவலகத்தின் வேலை என்றார்கள். அங்கே போனால், அது தண்ணீர்க்காரர்களின் வேலை என்றார்கள். பஸ்ஸுக்குப் பஸ் மாறி இரண்டு பக்கமும் அலைந்து செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் ஒன்றுக்கு இணங்கினார்கள்: மீட்டரும் வரும், பொதுப் பைப்பும் இருக்கும். வென்றுவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்துப் போனேன். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் ஓடியது. பொதுப் பைப் மட்டும் காய்ந்து கிடந்தது.

முன்பும் அது காய்ந்ததுண்டு. அப்போதெல்லாம் பெண்கள் எல்லோருமாகப் போய் வெறும் வாளிகளைப் பெரிய வீதிக்குக் குறுக்கே அடுக்கிவிடுவார்கள். பஸ்கள் ஹோர்ன் அடித்துக் கத்தும். பின்னேரத்துக்குள் ஆட்கள் வந்து திருத்திவிட்டுப் போவார்கள்.

"நான் மட்டும் ஒரு வாளியை வச்சா, பஸ் சுத்திப் போயிடும் மிஸ்," என்றாள் இடியப்பக்காரி.

கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டு உடுப்புத் தோய்க்கும் சத்தம் கேட்டது.

"தட்டிப் பாருங்களேன்," என்றேன்.

"காலையில ஒருக்காத் தட்டி ஒரு வாளி எடுத்திட்டன்."