கவர்மெண்ட் கல்

சமையல் மேடைக்குக் கல் வாங்க அம்மாவோடு போன கடையில், அறுபடும் கருங்கல்லின் ஈர வாசனை என்னைத் திருவொற்றியூரில் எங்கள் தெரு இருந்த இடத்துக்கு, அதாவது இன்று கடல் இருக்கும் இடத்துக்கு, இழுத்துப் போனது. அலையைத் தடுக்க லாரிகள் கொட்டிய பாறைகளில் அம்மா ஒன்றைத் தனக்கென்று வைத்திருந்தாள். பூமிக்குள் மெல்ல ஆறிய பாறையில் மணிகள் கல் உப்பு போலப் பெருத்துக் கத்தியைக் கெடுக்கும், சீக்கிரம் ஆறிய பாறையில் அவை மாவு போல நுணுகியிருக்கும் என்று நான் புத்தகம் வாங்கிப் படித்ததை, அவள் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்திருந்தாள். அவள் மீன் கத்தியைத் தீட்டும் சர்ரக் சர்ரக்தான் எனக்குப் பள்ளி மணி.

வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த அதிகாரி, "அது கவர்மெண்ட் கல்லும்மா, தொடாதே" என்றார்.

"கல்லு உன்னுது, கத்தி என்னுது நைனா. இன்னான்ற இப்போ?" அம்மா தீட்டுவதை நிறுத்தவில்லை.

கடைக்காரர் காட்டிய கருப்புக் கல் பலகையை அம்மா இப்போதும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "நைஸாத்தான் கீது. பாலீஷ் வாணாம், தீட்டினா கத்தி வழுக்கும்."

எங்கள் அடுக்ககத்தில் மீன் வெட்டக் கூடாதென்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதில் கையெழுத்திட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான்.

"பாலீஷ் வேண்டாம்" என்றேன் கடைக்காரரிடம்.