டிக்சனுக்கு அம்மை

மே மாதம் பிறந்தால் கொடைக்கானலில் ரூம் கிடைக்காத கார்களெல்லாம் எங்கள் வில்பட்டிப் பக்கம் திரும்பும். வீட்டில் ஓர் அறை உபரியாக இருப்பவர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, மேசையில் பிளாஸ்டிக் பூ வைத்து, ஹோம் ஸ்டே என்று போர்டு மாட்டிவிடுவார்கள். உபரியாக இல்லாதவர்களும் மாட்டிவிடுவார்கள். என் எதிர்வீட்டு ஜூலியட் இரண்டாவது ரகம்.

அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்களை நான் சும்மா விடுவதும் இல்லை. கை ஓயாத பெண். அவரைக்கொட்டை உரிப்பாள், பூண்டைப் பின்னித் தொங்கவிடுவாள், ஸ்வெட்டர் கிழிந்தால் நூலைப் பிரித்துக் குல்லாய் பின்னுவாள். புருஷன் அருள்பிரகாஷ் டாக்ஸி ஓட்டுகிறான். சீசன் முடியும்வரை அவன் முகத்தை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். ஒரே பையன் டிக்சன், இரண்டாம் வகுப்பு. வீடு என்று பார்த்தால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, தகரம் போட்ட சமையலறை. அருள்பிரகாஷின் அப்பா கட்டிய வீடு. அவனுடைய தங்கை அடைக்கலமேரி பிறந்ததும் அதே வீட்டில்தான்.

மேரியை அடிவாரத்தில் அய்யம்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷனுக்குத் தென்னந்தோப்பில் வேலை. பள்ளிக்கூடம் அடைத்ததும் பிள்ளைகள் சுஜிதாவையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். கீழே கொளுத்துகிற வெயிலில் காயவைத்த வடகமும் வற்றலும் தேங்காயும் அவளோடு ஏறி வரும். மஞ்சு மூடுகிற எங்கள் ஊரில் வடகம் எங்கே காயும்? பதிலுக்கு இங்கிருந்து பூண்டும் பிளம்ஸ் ஜாமும் இறங்கிப் போகும். நாத்தனாரும் மதினியும் அந்த ஒரு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து, பழைய சேலைகளை அடுக்கி ஆளுக்கொரு ஓரமாகத் தைத்து, கனத்த போர்வையாக்குவார்கள். பேச்சு ஓயாது. தையல் கோணினால் யார் பக்கம் கோணியது என்று சண்டை நடக்கும். தீர்ப்புக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.

"ஒரு மாசம் அடுப்ப விட்டு நகர முடியலக்கா" என்று ஜூலியட் என்னிடம் புலம்புவது உண்டு. அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் "வீடே வெறிச்சுன்னு கெடக்குக்கா" என்று வந்து மூக்கைச் சிந்துகிறவளும் அவளேதான்.

இந்த வருஷம் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் முன்னறையை மாதக் கடைசிவரை கேட்டது. சமையலறைத் தகரம் ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். அது ஒரு காரணம். ஒரே ஒரு கோடையாவது ஒரு கும்பலுக்குச் சோறு வடிக்காமல் இருக்கலாமே என்ற நினைப்பு இன்னொரு காரணம். இரண்டாவதை என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் சோறு வடிக்கத்தான் வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை போலும்.

"மேரி வருவாளே?" என்று அருள்பிரகாஷ் கேட்டிருக்கிறான்.

"அதுக்கு ஊர்ல ஏதோ சோலி கெடக்காம். இந்த வருஷம் வரலையாம்" என்று சொல்லிவிட்டாள். மேரிக்கு அதற்குப் பிறகுதான் போனே போட்டாள்.

இடம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாளாம். அவள் தொடங்குவதற்குள் மேரி, "துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு மதினி. வெள்ளிக்கெழம வெள்ளனே ஏறிருவோம்" என்றிருக்கிறாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் வேறு. பிறந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? தடுமாறிய நேரத்தில் நாக்கில் வந்தது இது:

"மேரி, டிக்சனுக்கு அம்மை போட்டிருக்கு."

எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். வரவில்லையே என்று யாரும் வருத்தப்படவும் மாட்டார்கள். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, பிள்ளைக்கு வேப்பிலைதான் படுக்கை. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகுதான் போக்குவரத்து. வேதக்காரர்களான எங்களுக்கும் இதெல்லாம் அப்படியேதான். மாரியம்மனிடம் முறையிடாமல் செபஸ்தியாரிடம் முறையிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

போனை வைத்த பிறகுதான் ஜூலியட்டுக்கு உறைத்தது. சொன்ன வாய்க்கு அம்மை நிஜமாகவே வந்துவிட்டால்? அன்றிலிருந்து தினமும் காலையில் டிக்சனின் சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பாள். பையன் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனிதர்கள்தான். குளிருகிறது என்றார்கள். மேரியும் அவளும் போன வருஷம் தைத்த போர்வையை ஜூலியட் எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் மலைக் குளிருக்கு வேப்பமரம் வராது. ஊரில் தேடினாலும் ஒரு கொத்து கிடைக்காது. பொய் சொன்னவள் அதை யோசிக்கவில்லை. கேட்டவள் யோசித்துவிட்டாள், அவள் பிறந்து வளர்ந்த ஊராயிற்றே. சின்ன வயதிலேயே அவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டதால் இனி ஒட்டாது என்ற தைரியம் வேறு. பிள்ளைகளைப் புருஷன் பரமானந்தத்திடம் விட்டுவிட்டு, ஒரு உரச்சாக்கு நிறைய வேப்பிலை, இன்னொரு சாக்கில் செவ்விளநீர் என்று கட்டிக்கொண்டு, வத்தலகுண்டில் பஸ் மாறி, டவுனில் மறுபடி மாறி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் எங்கள் தெருவில் நடந்து வந்தாள். நான் வாசலில் நின்றேன். அம்மைப் பொய் எனக்கு அப்போது தெரியாது. "வா மேரி, பிள்ளைகளக் காணோம்?" என்று கேட்டேன். அவள் காதில் விழவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டிலிருந்து கோழிக்குழம்பு தாளிக்கிற வாசம் தெருவெல்லாம் அடித்தது.

"ஏன் மதினி!" என்று வாசலில் இருந்தே கத்தினாள். "அம்மை போட்ட வீட்ல தாளிப்பாகளா? ஒங்களுக்குக் கூறு வேணாமா? புள்ளைக்கு என்னமும் ஆயிரப்போகுது!"

அந்த நிமிஷம்வரை அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு "அத்தை!" என்று டிக்சன் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். சாக்குகள் கீழே விழுந்தன. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கரண்டியோடு ஜூலியட் நின்றிருந்தாள். முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு, அந்தப் போர்வையைப் போர்த்தியபடி, கோயம்புத்தூர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் சாக்கைப் பார்த்துவிட்டு, "இளநீர் எவ்வளவும்மா?" என்று மேரியிடம் கேட்டார்.

இவள் என் நாத்தனார், இது இவள் பிறந்த வீடு என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஜூலியட் சொல்லவில்லை. "கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்க்கா" என்று பிறகு என்னிடம் அழுதாள். பொய் சொன்னதைவிட, அந்த இடத்தில் பேசாமல் நின்றதுதான் அவளை இன்றும் அரிக்கிறது.

"விக்கிறதுக்கு இல்லைங்க. புள்ளைக்குக் கொண்டாந்தேன்" என்றாள் மேரி. சொல்லிவிட்டு உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்தாள். அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஓர் இளநீரைச் சீவி அந்த அம்மாளிடம் நீட்டினாள், இன்னொன்றை டிக்சனிடம் கொடுத்தாள்.

அதன்பிறகு சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜூலியட் காலில் விழாத குறையாகக் காரணங்களைச் சொன்னாள். மேரி தகரத்தை அண்ணாந்து பார்த்து, "ஆமா, ஒழுகத்தான் செய்யும்" என்றாள். சாப்பிடச் சொன்னதற்கு, வேண்டுதல் இருக்கிறது, கோழி சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். கிளம்பும்போது, "அண்ணங்கிட்ட சொல்லாதீங்க. மலை ரோட்ல வண்டி ஓட்டுற மனுசன், மனசு கெட்டுப்போகும்" என்றாள். ஜாம் பாட்டிலைக் கொடுத்தபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜூலியட் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சமையல் பிரமாதம் என்று விருந்தாளிகள் புகழப் புகழ, இவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மேரிக்குப் போன் போடச் சொல்லி நானும் நச்சரித்தேன். என்னவென்று பேசுவேன் என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

கடைசியில் போன் அங்கிருந்துதான் வந்தது. அன்று இருவரும் சேர்ந்து பிளம்ஸ் ஜாம் கிளறிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் பிசுபிசுப்பாக இருந்ததால் ஜூலியட் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். மேரியின் போனில் சுஜிதா.

"அத்தை, டிக்சனுக்கு மூணாவது தண்ணி ஊத்தியாச்சா?"

ஜூலியட் என்னைப் பார்த்தாள்.

"அம்மா வேப்பில கொண்டாந்ததும் எறங்கிருச்சாம்ல? மூணாவது தண்ணி ஊத்துற வரைக்கும் கறி திங்க மாட்டேன்னு நான் செபஸ்தியாருக்கு நேந்திருக்கேன். தம்பியும் திங்கல. இங்க நேத்து ஒரு கல்யாணம், பிரியாணி போட்டாங்க. தொடவே இல்ல. அதான் கேட்டேன்."

மேரி தன் வீட்டில் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜூலியட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்ணு, டிக்சனுக்கு அம்மையே போடல. அத்தை பொய் சொல்லிட்டேன்."

பிள்ளை கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

"அப்ப அவனுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றது பிள்ளை. பிறகு போனை விட்டுத் திரும்பி, "ஏலே தம்பி, டிக்சனுக்கு ஒண்ணுமே இல்லையாம்லே!" என்று கத்தியது. இரண்டும் குதிக்கிற சத்தம் கேட்டது. ஜூலியட் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மறுபடி போன் பிள்ளையின் காதுக்கு வந்தது.

"அப்ப எதுக்கு அத்தை எங்கள வர வேணாம்னீங்க?"

"வீட்ல எடம் இல்ல கண்ணு. முன்ரூம்ல வேற ஆளுங்க இருக்காங்க."

"நாங்க அடுப்படியிலயே படுத்துக்குவோமே. போன வருசமும் அங்கதான படுத்தோம்? அடுப்புக்கிட்ட கதகதன்னு இருக்குமே."

"வா கண்ணு. அம்மாவக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வாங்க. வெரசா வாங்க" என்றாள் ஜூலியட். அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிவிட்டது.

"இருங்க, அம்மாட்ட கேக்குறேன்" என்று பிள்ளை ஓடியது. "அம்மா, அத்தை கூப்புடுறாங்க, போவோமா?"

மேரியின் குரல் தூரத்தில் இருந்தாலும் தெளிவாகவே கேட்டது. கோபமே இல்லை.

"வேணாம் பாப்பா. அவுங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

மதினி என்றோ, பிள்ளைகளிடம் அத்தை என்றோ இல்லாமல், ஜூலியட்டை வெறும் 'அவுங்க' என்று மேரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜூலியட்டும் அதைக் கேட்டாள்.