எங்கள் வகுப்பின் ஒற்றுமை

இன்று வெம்பக்கோட்டை பஸ்ஸில் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு வாத்தியாரைப் பார்த்தேன்.

என்னைக் காட்டி, பக்கத்து சீட்காரரிடம் பெருமையாகச் சொன்னார்: "இவன் செட்டு மாதிரி ஒத்துமையே கிடையாது. வந்தா மொத்தமா வருவானுக, இல்லன்னா ஒருத்தன்கூட வரமாட்டான்."

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றேன்.

தீபாவளி சீசனில் மொத்த வகுப்பும் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருக்கும். அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் கம்பெனி வேனே எங்களைப் பள்ளி வாசலில் இறக்கிவிடும்.

குரூப் போட்டோவும் அப்படியொரு நாளில் எடுத்ததுதான். அதில் எல்லோர் விரல்களிலும் அலுமினியப் பொடி மினுங்கும்.

இப்போது வாட்ஸப் குழுவில் எல்லோரும் சந்திக்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு அதே கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. சோதனை என்றால் மட்டும் இப்போதும் கம்பெனியைப் பூட்டி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த சோதனை என்றைக்கு என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அன்றைக்கே வைத்துக்கொள்கிறோம்.