கிழக்குத் தெருவின் ஒருமனதான முடிவு

புஷ்பவள்ளியக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் வந்த காலத்தில் தாவணியோடு தெருவில் இறங்கியவர், இன்னும் வீடு திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அறிவொளி முடிந்து சுயஉதவிக் குழு வந்தது. அதன் பிறகு கண்மாய்த் திட்டம், கழிப்பறைத் திட்டம், இன்னும் பெயர் மறந்துபோன நாலைந்து. ஒவ்வொரு தடவையும் பலகை மாறியது, ஜீப் மாறியது, அதிகாரி மாறினார். வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிற ஆள் மட்டும் மாறவில்லை. ஊரில் இன்றைக்கும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் செல்வம். இப்போது வந்திருக்கிற தொண்டு நிறுவனத்தில் கூட்டங்களைப் படம் பிடிப்பது என் வேலை. மக்கள் கை தூக்குகிற படம் இல்லாமல் எந்த அறிக்கையும் மேலிடத்துக்குப் போகாது. எத்தனையோ கைகளை எடுத்தாயிற்று. சலித்துவிட்டது.

நிறுவனம் வரும்போதே ஊர் வளர்ச்சிக்கான வழிகாட்டு நெறிகள் என்று பத்து வரிகளை அச்சடித்துக்கொண்டு வந்தது. முதல் வரி, ‘மக்கள் பேசட்டும், நாம் கேட்போம்.’ மூன்றாவது வரி, ‘மக்களின் முடிவே இறுதி முடிவு.’ நான் ஒரு தடவை படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அக்கா மனப்பாடம் செய்தார், நம்பவும் செய்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான். எவன் எதை அச்சடித்துக் கொடுத்தாலும் நம்பிவிடுவார். ஆனால் பேசாமல் இருப்பது அவருக்குச் சுலபமில்லை. அதனால் கூட்டத்தில் உட்காரும்போது வாயில் ஒரு புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொள்வார்.

இந்தத் தடவை விஷயம் தண்ணீர். ஊருக்கு ஒரே ஒரு குடிநீர்த் தொட்டி தருவார்கள். எங்கே வைப்பது என்று ஊர் கூடிச் சொல்ல வேண்டும். வைக்க வேண்டிய இடம் கிழக்குத் தெரு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே நாற்பது வீடு. அத்தனை பெண்களும் மெயின் ரோட்டைக் கடந்து, மேற்கே இருக்கிற கிணற்றிலிருந்துதான் குடம் தூக்குகிறார்கள். போன ஆடியில் அழகி என்ற பெண்ணை ஒரு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போனது. அவள் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். அக்கா இருக்கிற மேலத் தெருவிலும் குழாயில் காற்றுதான் வருகிறது. ஆனால் அங்கே யாரும் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை.

மூன்று நாள், ஆட்கள் கூலி வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று விடிகாலையிலேயே கிழக்குத் தெருவுக்கு நடந்தார் அக்கா. “முடிவு ஒங்க கையில. நீங்கதான் பேசணும்” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். கிழக்குத் தெரு ஆட்கள்தான் அதிகம். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் தீபலட்சுமி பத்து நெறிகளையும் வாசித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாள். எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அக்கா தரையைப் பார்த்தார். கடைசியில் கிழக்குத் தெரு அம்மாக்கண்ணு எழுந்தார். அறுபது வயது இருக்கும்.

“தொட்டிய மேலத் தெருவுல, டீச்சர் வீட்டுக்கிட்ட வச்சிருங்க தாயி.”

கூட்டம் கைதட்டியது. கைகள் உயர்ந்தன. அக்கா மிட்டாயைத் துப்பினார்.

“என்னக்கா பேசுறீக? ரோட்டத் தாண்டி இங்குட்டு வந்து ஆரு தண்ணி எடுக்கிறது? அழகி கால மறந்துட்டீகளா?”

“மறக்கல டீச்சர். எங்க தெருவுல வச்சா மூணே மாசத்துல மோட்டாரு போயிரும். நாங்க போயிச் சொன்னா எவன் கேப்பான்? ஒங்க வாசல்ல இருந்தா நீங்க விடுவீகளா? ஆபீசுல போயி நின்னு சரிபண்ணிருவீக. நாங்க நடந்து வந்து எடுத்துக்கிறோம். பழகுன காலுதான?”

“நான் இல்லைன்னு வச்சுக்கங்க. நாளைக்கே செத்துப்போறேன். அப்ப எங்க வைக்கச் சொல்லுவீக?”

அம்மாக்கண்ணு பதறிப்போனார். “ஏன் அப்படிச் சொல்றீக? நீங்க இல்லாட்டி எங்களுக்குத் தொட்டி எங்குட்டு இருந்து வரும்?”

அக்காவின் முகம் வாடிவிட்டது. உங்கள் உரிமையை நீங்களே போய்க் கேளுங்கள் என்று முப்பது வருஷமாகச் சொன்னவர். புஷ்பவள்ளி போய்க் கேட்டால் கிடைக்கும் என்பதை மட்டும்தான் ஊர் கற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர்கள் தனியாக ஆபீசுக்கு மனு கொண்டுபோனபோதெல்லாம் வெளியிலேயே உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அக்கா கூடப் போன நாளில்தான் காரியம் நடந்தது. அதனால் அக்காவும் கூடவே போனார். பிறகு அவர்களை அலைய விடாமல் அவர் மட்டுமே போனார்.

“அக்கா, மக்கள் முடிவு பண்ணிட்டாங்களே, நாம மாத்தலாமா?” என்று தீபலட்சுமி காதோரம் கேட்டாள். அச்சடித்த தாள் அவள் கையிலேயே இருந்தது.

அக்கா அழகியைப் பார்த்தார். அவளும் கையைத் தூக்கியபடிதான் இருந்தாள். அக்கா முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“தொட்டி கிழக்குத் தெருவுலதான். நான் சொல்றேன். கையத் தூக்குங்க.”

இறங்காமல் இருந்த கைகளோடு மிச்சக் கைகளும் மேலே போயின. ஒருவர் முகத்திலும் வருத்தமில்லை. “இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பம்ல டீச்சர்?” என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தீபலட்சுமி முழித்தாள். அக்கா நோட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: ‘ஊர் மக்கள் தாங்களே கூடிப் பேசி, கிழக்குத் தெருவில் தொட்டி அமைக்க ஒருமனதாக முடிவு செய்தார்கள்.’ வரிசையில் வந்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

அம்மாக்கண்ணு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

“மோட்டாரு போச்சுன்னா வருவீகள்ல, டீச்சர்?”

“வாரேன்க்கா” என்றார் அக்கா.